நாலு கார்டை அழிச்சாத்தான் ஒரு கார்டை மாத்தலாம்! போகிமான் ஆட்டக்காரர்கள் கொதித்தது ஏன்?

ராசிபுரம் பக்கம் 2000-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டிரம்ப் கார்டு என்றால் விளக்கம் தேவையில்லை. அண்டர்டேக்கர், பிக் ஷோ, ரே மிஸ்டீரியோ என்று மல்யுத்த வீரர்களின் படம் போட்ட அட்டை. ரேங்க், உயரம், எடை, ஜெயித்த சண்டை என்று வரிசையாக எண்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் ஆட்டம் நடக்கும். ஆட்டத்தைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அங்கேதான் நடக்கும்: மாற்றிக்கொள்வது.

"ஏன்டா, உங்கிட்ட அண்டர்டேக்கர் ரெண்டு இருக்குதில்ல? ஒண்ணு எனக்குக் குடு. நான் பிக் ஷோ தர்றேன்."

"பிக் ஷோ மட்டும் பத்தாது. கூட ஒண்ணு சேத்துக் குடு."

இப்படிப் பேசி முடிந்தால் கார்டு கை மாறும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு புது விதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டு விற்ற கடைக்காரர் வந்து நிற்கிறார். "ரெண்டு பேரும் மாத்திக்கலாம், தப்பில்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஆளுக்கு நாலு நல்ல கார்டைக் கிழிச்சு எங்கிட்டக் குடுத்துடணும்" என்கிறார். பசங்க சும்மா விடுவார்களா?

2025 ஜனவரியில் உலகம் முழுக்க இருக்கும் போகிமான் கார்டு ஆட்டக்காரர்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான்.

முதலில், இது என்ன விளையாட்டு?

'கார்டு கேம்' என்றதும் நம் ஊர் வீடுகளில் ரம்மிதான் ஞாபகத்துக்கு வரும். "சீட்டாட்டமா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் உண்டு. ஆனால் டிரேடிங் கார்டு கேம் என்பது வேறு வகை.

ரம்மியில் இருப்பது ஒரே கட்டு, 52 சீட்டு. யார் ஆடினாலும் அதே சீட்டுதான். டிரேடிங் கார்டு கேமில் ஒவ்வொருவரும் தன் சொந்தக் கட்டைக் கொண்டுவர வேண்டும். ஆயிரக்கணக்கான கார்டுகளில் இருந்து தனக்குப் பிடித்ததை, தன்னிடம் இருப்பதைப் பொறுக்கிக் கட்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் அது என்ன செய்யும் என்று எழுதியிருக்கும். கட்டு சேர்ப்பதில் பாதி வெற்றி, ஆடுவதில் மீதி.

கார்டுகளைப் பாக்கெட்டாகத்தான் விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டியது வராது, வேண்டாதது மூன்று முறை வரும். அதனால்தான் மாற்றிக்கொள்வது இந்த விளையாட்டின் உயிர். பெயரிலேயே 'டிரேடிங்' இருக்கிறது.

இந்த வகையைத் தொடங்கி வைத்தது 'மேஜிக்: தி கேதரிங்'. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்க, 1993-ல் அமெரிக்காவின் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. 1996-ல் ஜப்பானில் போகிமான் கார்டுகள் வந்தன. 1999-ல் அதே ஜப்பானில் யு-கி-ஓ வந்தது. இன்றைக்கும் இந்த மூன்றும்தான் இந்த உலகத்தின் பெரிய பெயர்கள்.

நம் ஊருக்கு அந்தக் கார்டுகள் பெரிதாக வரவில்லை. 90-களில் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்கள், பிறகு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த போகிமான் டாசோ, அப்புறம் டிரம்ப் கார்டு என்று ஏக்கத்தைத் தீர்த்துக்கொண்ட தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் இப்போது வேலைக்குப் போகிறது. அதன் கையில் செல்போன் இருக்கிறது.

பாக்கெட்டுக்குள் வந்த பேக்

2024 அக்டோபர் 30-ம் தேதி 'போகிமான் டிசிஜி பாக்கெட்' என்ற செல்போன் செயலி வெளியானது. போகிமான் கம்பெனிக்காக கிரியேச்சர்ஸ், டிஎன்ஏ என்ற இரு ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. நான்கே மாதத்தில், 2025 பிப்ரவரிக்குள், 10 கோடி முறை தரவிறக்கம் ஆனது.

காரணம் எளிது. அட்டையில் ஆடும் போகிமானுக்கு 60 கார்டு கட்டு வேண்டும், ஆட்டமும் நேரம் பிடிக்கும். செயலியில் 20 கார்டு போதும். 3 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு ஆட்டத்தை முடித்துவிடலாம்.

அதைவிடப் பெரிய ஈர்ப்பு, 12 மணி நேரத்துக்கு ஒரு பேக் இலவசம் என்பது. ஒரு நாளைக்கு 2 பேக், பேக்குக்கு 5 கார்டு. காலையில் எழுந்ததும் ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று. திரையில் விரலை இழுத்தால் உறை கிழியும். காசு செலவழிக்க விரும்புபவர்கள் கூடுதல் பேக் வாங்கலாம், மாதச் சந்தா கட்டினால் தினம் ஒரு பேக் அதிகம்.

கார்டின் அபூர்வத்தைக் குறிக்க வைரம், நட்சத்திரம், கிரீடம் என்று குறிகள் உண்டு. 1 வைரம் சாதா கார்டு. 4 வைரம் என்றால் 'இஎக்ஸ்' வகை. பல கட்டுகள் இந்த இஎக்ஸ் கார்டுகளை நம்பித்தான் நிற்கின்றன. செயலியே காட்டும் வாய்ப்பு விகிதப்படி கணக்குப் போட்டால், ஏதாவது ஒரு இஎக்ஸ் கிடைக்கத் தோராயமாக 12 பேக் பிரிக்க வேண்டும். இலவச பேக் மட்டும் என்றால் 6 நாள். அதிலும் 'எனக்கு வேண்டிய அந்த ஒன்று' என்றால் காத்திருப்பு பல மடங்கு கூடும்.

பேக் பிரிக்கும்போது 5 புள்ளி சேரும். அந்தப் புள்ளியைக் கொடுத்தும் கார்டு வாங்கலாம். ஒரு இஎக்ஸுக்கு 500 புள்ளி. அதாவது 100 பேக். இலவசமாக மட்டும் ஆடினால் 50 நாள்.

அதனால் எல்லாரும் ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். செயலி வந்தபோது மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. 'விரைவில் வரும்' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

2025 ஜனவரி 29: என்ன வந்தது?

மூன்று மாதக் காத்திருப்புக்குப் பிறகு அந்த வசதி வந்தது. கூடவே விதிகளும் வந்தன.

* ஒரே அளவு அபூர்வமான கார்டுகளைத்தான் மாற்றலாம். 4 வைரத்துக்கு 4 வைரம். மரத்தடிப் பேரமான 'ரெண்டு சின்னது கொடுத்து ஒரு பெரியது வாங்குறது' கிடையாது.
* நண்பர் பட்டியலில் இருப்பவரோடு மட்டும்தான்.
* புதிதாக வந்த தொகுப்பின் கார்டுகளை மாற்ற முடியாது. 2 நட்சத்திரமும் அதற்கு மேற்பட்டவையும் கிடையாது.
* எந்தக் கார்டு வேண்டும் என்று நண்பரிடம் செயலிக்குள் சொல்ல வழியே இல்லை. வெளியே வேறு எங்காவது பேசிக்கொள்ள வேண்டும்.

இதுவரைகூடப் பொறுத்துக்கொண்டார்கள். கோபம் வெடித்தது அடுத்த விதியில்: 3 வைரமும் அதற்கு மேலும் உள்ள கார்டை மாற்ற 'டிரேட் டோக்கன்' கட்ட வேண்டும்.

டோக்கன் எங்கே கிடைக்கும்? உங்களிடம் மிஞ்சியிருக்கும் கார்டை அழித்தால் கிடைக்கும்.

கணக்கு இதுதான். ஒரு இஎக்ஸ் கார்டை மாற்ற 500 டோக்கன். ஒரு இஎக்ஸ் கார்டை அழித்தால் கிடைப்பது 125 டோக்கன். ஆக, ஒரு மாற்றத்துக்கு 4 இஎக்ஸ் காலி. 1 நட்சத்திரக் கார்டை மாற்ற 400 டோக்கன், அழித்தால் கிடைப்பது 100. அங்கேயும் 4. 3 வைரக் கார்டுக்கு 120 டோக்கன், அழித்தால் 25. அங்கே 5.

இன்னொரு விஷயம் உண்டு. டோக்கனை இரண்டு பேருமே கட்ட வேண்டும். டோக்கனுக்கு வேறு வழி இல்லாத இரு நண்பர்கள் இஎக்ஸ் மாற்றிக்கொண்டால், 2 கார்டு இடம் மாறுவதற்குள் 8 கார்டு காணாமல் போகும்.

கோபத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு

உதாரணத்துக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ராசிபுரத்தில் ஒரே வகுப்பில் படித்து, டிரம்ப் கார்டு மாற்றிக்கொண்ட நண்பர்கள். ஒருவர் இப்போது சென்னையில் வேலை. இன்னொருவர் ஊரிலேயே கடை பார்த்துக்கொள்கிறார். ஒருவரிடம் பிகாச்சு இஎக்ஸ் மூன்று இருக்கிறது, மியூடூ இஎக்ஸ் இல்லை. மற்றவரிடம் நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் என்றால் ஒரு நிமிட வேலை.

இங்கே ஆளுக்கு 4 இஎக்ஸ் அழிக்க வேண்டும். 12 பேக்குக்கு ஒன்று என்ற கணக்கில் 4 இஎக்ஸ் என்பது சுமார் 24 நாள் காத்திருப்பு. அதுவும் எந்த இஎக்ஸையும் அழித்துவிட முடியாது. ஒரு கட்டில் ஒரே கார்டு அதிகபட்சம் 2 வைக்கலாம் என்பதால், மூன்றாவது பிரதியில் இருந்துதான் 'மிச்சம்' என்று கணக்கு. இலவசமாக ஆடுபவரிடம் ஒரே இஎக்ஸின் மூன்றாவது பிரதி எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணலாம். வசதி வந்த முதல் நாளே பலருக்கு அது எட்டாக்கனியானது.

ராசிபுரத்தை அடுத்த நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்குப் பேர் போன ஊர். அங்கே மூட்டை கொண்டுவரும் விவசாயியிடம், "நாலு மூட்டையைக் கொட்டிடுங்க, அஞ்சாவது மூட்டையை ஏலத்தில் வைக்கிறோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆட்டக்காரர்களின் கோபம் அந்த மாதிரியானது. கட்டணம் வாங்குவதுகூடப் பிரச்சினை இல்லை, எதைக் கட்டணமாகக் கேட்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. சேர்ப்பதற்காகவே இருக்கும் விளையாட்டில் சேர்த்ததை அழிக்கச் சொன்னார்கள்.

சமூக ஊடகங்கள் முழுக்க அதே பேச்சுதான். 'பேராசை' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மாற்றிக்கொள்ள வசதியாக இருந்தால் பேக் விற்பனை குறையும், அதனால்தான் வேண்டுமென்றே கடினமாக்கியிருக்கிறார்கள் என்று பலர் வாதிட்டார்கள்.

கம்பெனி தரப்பில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

செயலியில் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். ஒருவரே 20 கணக்குத் தொடங்கினால் தினம் 40 இலவச பேக். அதில் வரும் நல்ல கார்டையெல்லாம் ஒரே கணக்குக்கு மாற்றிவிட்டால்? இதை மனிதர் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, தானியங்கி நிரலே செய்துவிடும். பிறகு அந்தக் கார்டுகளைக் காசுக்கு விற்கும் கூட்டம் கிளம்பும். நேர்மையாக ஆடுபவரின் ஆறு மாத உழைப்புக்கு மதிப்பு இருக்காது.

மரத்தடியில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. ஒரு பையன் இருபது பையனாக வேஷம் போட முடியாது. செல்போனில் முடியும்.

எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே நிறுவனம் அறிக்கை விட்டது. தானியங்கி நிரல்களையும் பல கணக்கு வைத்து ஏமாற்றுபவர்களையும் தடுக்கவே கட்டுப்பாடுகள் கொண்டுவந்ததாகச் சொன்னது. அதே கட்டுப்பாடுகள் சாதாரண ஆட்டக்காரர்களையும் முடக்கிவிட்டதை ஒப்புக்கொண்டு, மேம்படுத்த வழி பார்ப்பதாகவும் சொன்னது.

திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது. பூட்டே வேண்டாம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லவில்லை. சாவி எங்கே என்றுதான் கேட்டார்கள்.

பின்வாங்கியது எப்படி?

முதலில் சமாதானமாக எல்லாருக்கும் 1,000 டிரேட் டோக்கன் கொடுத்தார்கள். அது இரண்டு இஎக்ஸ் மாற்றத்துக்குப் போதும். 2025 மார்ச்சில் பெரிய அறிவிப்பு வந்தது: டிரேட் டோக்கன் முறையையே எடுத்துவிடுகிறோம்.

அதற்குப் பதில் 'ஷைன்டஸ்ட்'. இது ஏற்கெனவே விளையாட்டில் இருந்த பொருள்தான். பேக் பிரிக்கும்போது உங்களிடம் உள்ள கார்டே மறுபடி வந்தால் இது தானாகச் சேரும். கார்டை அழிக்க வேண்டியதில்லை. வந்த கார்டும் இருக்கும், மாற்றுவதற்கான கட்டணமும் சேரும். கூடவே, எனக்கு இந்தக் கார்டு வேண்டும் என்று நண்பர்களுக்குக் காட்டும் வசதியும் வரும் என்றார்கள்.

ஆனால் அந்த மாற்றம் 2025 இலையுதிர் காலத்துக்குள்தான் வரும் என்று சொன்னதும் மறுபடி முணுமுணுப்பு. ஒரு தப்பான விதியை நீக்க எட்டு மாதமா? நிறுவனம் அதையும் முன்னே நகர்த்தியது. 2025 ஜூலை இறுதியில் டோக்கன் முறை போய் ஷைன்டஸ்ட் முறை வந்தது. கையில் இருந்த டோக்கன்களும் ஷைன்டஸ்ட்டாக மாற்றப்பட்டன. அக்டோபர் இறுதியில், முதல் ஆண்டு நிறைவை ஒட்டி, நண்பருக்குக் கார்டைச் சும்மாவே கொடுக்கும் வசதியும் வந்தது.

ஜனவரியில் 'நாலு அழிச்சா ஒண்ணு மாத்தலாம்' என்று தொடங்கியவர்கள், அக்டோபரில் 'பிடிச்ச ஆளுக்குச் சும்மா குடு' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இடையில் நடந்தது, ஆட்டக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காததுதான்.

இது முதல் முறையா?

இல்லை. இந்த விளையாட்டுகளின் 30 ஆண்டு வரலாற்றில், புது விதி வருவதும் ஆட்டக்காரர்கள் கொதிப்பதும் நிறுவனம் இறங்கி வருவதும் வழக்கம்.

1995-ல் மேஜிக் நிறுவனம் 'க்ரானிக்கிள்ஸ்' என்ற தொகுப்பில் பழைய அபூர்வக் கார்டுகளை மறுபடி அச்சிட்டது. புதிதாக ஆட வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். காசு கொட்டிச் சேர்த்தவர்களுக்கு இடி. அவர்கள் கையில் இருந்த கார்டின் விலை சரிந்தது. எதிர்ப்பைத் தணிக்க 1996-ல் நிறுவனம் ஒரு பட்டியலையே வெளியிட்டது: இந்தக் கார்டுகளை இனி அச்சிடவே மாட்டோம். 'ரிசர்வ்டு லிஸ்ட்' என்ற அந்தப் பட்டியல் இன்றைக்கும் இருக்கிறது. புகழ்பெற்ற 'பிளாக் லோட்டஸ்' கார்டு அதில் ஒன்று. அன்றைக்குச் சேகரிப்பாளர்களைச் சமாதானப்படுத்தக் கொடுத்த வாக்கு, இன்றைக்குப் புது ஆட்டக்காரர்களுக்குச் சுவர். அந்தக் கார்டுகளின் விலை ஏறிக்கொண்டே போனது. கோபத்துக்கு அவசரமாகக் கொடுக்கும் பதிலுக்கும் ஒரு விலை உண்டு.

யு-கி-ஓவில் 2017-ல் 'லிங்க்' என்ற புது வகைக் கார்டு வந்தது. கூடவே களத்தின் அமைப்பே மாறியது. அதுவரை ஃப்யூஷன், சிங்க்ரோ, எக்ஸீஸ் வகைக் கார்டுகளைத் தாராளமாக இறக்கியவர்கள், இனி லிங்க் கார்டு அம்புக்குறி காட்டும் இடத்தில்தான் ஒன்றுக்கு மேல் இறக்கலாம் என்றானது. வருஷக்கணக்கில் சேர்த்த கட்டுகள், லிங்க் கார்டு வாங்கினால்தான் ஓடும் என்ற நிலை. அந்த மூன்று வகைகளுக்கும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த மூன்று ஆண்டு ஆனது. 2020 ஏப்ரல் 1-ல்தான் விதி மாறியது.

அதே 2020 ஏப்ரலில் மேஜிக்கில் 'கம்பானியன்' வந்தது. வழக்கமாக 7 கார்டோடு ஆட்டம் தொடங்கும். கையில் எது வரும் என்பது அதிர்ஷ்டம். கட்டு சேர்க்கும்போது ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டால், கம்பானியன் கார்டு ஒன்று கட்டுக்கு வெளியே எப்போதும் தயாராக இருக்கும். அதாவது, நிச்சயமாகக் கிடைக்கும் எட்டாவது கார்டு.

நிபந்தனை கடினமாக இருந்தால் சரி. 'லர்ரஸ்' என்ற கார்டுக்கு நிபந்தனை, கட்டில் களத்தில் நிற்கும் வகைக் கார்டுகள் எல்லாம் 2 அல்லது அதற்குக் குறைந்த செலவில் இருக்க வேண்டும் என்பது. பழைய கார்டுகளோடு ஆடும் 'விண்டேஜ்' பிரிவில் பல கட்டுகள் ஏற்கெனவே கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. அவர்களுக்கு அது ஓசியில் கிடைத்த பரிசு. அந்தப் பிரிவில் பலம் மிகுந்த கார்டைத் தடை செய்யாமல், கட்டுக்கு ஒன்று என்று குறைப்பார்கள். ஆனால் கம்பானியனுக்கு ஒன்றே போதுமே! வேறு வழியின்றி மே 18-ல் லர்ரஸ் தடை செய்யப்பட்டது. ஜூன் 1-ல் விதியே மாறியது: கம்பானியனைக் கைக்கு எடுக்க 3 மானா கட்ட வேண்டும். வெளியான ஆறேழு வாரத்தில் புது விதியையே திருத்தி எழுதினார்கள். அதன்பின் 2021-ல் விண்டேஜில் லர்ரஸுக்கான தடையும் நீங்கியது.

தெரிந்தும் ஏன் புது விதி கொண்டுவருகிறார்கள்?

கொண்டுவராமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம். ரம்மிக்கட்டு ஒன்று வாங்கினால் கிழியும்வரை ஆடலாம். அந்த வியாபாரத்தில் மறுவிற்பனை குறைவு. டிரேடிங் கார்டு கேம் நடத்தும் நிறுவனம் சில மாதங்களுக்கு ஒரு முறை புதுத் தொகுப்பு விற்றாக வேண்டும். பழைய கார்டே போதும் என்றால் யார் வாங்குவார்கள்?

அதற்கு இரண்டு வழி. ஒன்று, புதுக் கார்டைப் பழையதைவிடப் பலமாக்குவது. இதையே தொடர்ந்து செய்தால் போன வருஷக் கார்டு இந்த வருஷம் குப்பை. இன்னொன்று, புது விதி, புதுச் செயல்பாடு கொண்டுவந்து ஆட்டத்தின் போக்கை மாற்றுவது. இது ஆட்டத்துக்கும் நல்லது. ஒரே மாதிரி ஆட்டம் சலித்துவிடும்.

ஆக, ஆட்டக்காரர்கள் மாற்றத்தையே எதிர்ப்பவர்கள் அல்ல. மாற்றம் வராவிட்டால் அவர்களே கிளம்பிவிடுவார்கள். மேலே சொன்ன சம்பவங்களைச் சேர்த்துப் பார்த்தால், கோபம் வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான். ஏற்கெனவே சேர்த்ததன் மதிப்பை விதி குறைக்கும்போது. புதிதாக வாங்கினால்தான் பழையதை ஆட முடியும் என்னும்போது. நண்பர்களுக்கு இடையே நடக்கும் விஷயத்தில் நிறுவனம் நடுவே வந்து உட்காரும்போது. டிரேட் டோக்கன் மூன்றாவது வகை. அதனால்தான் அவ்வளவு சூடு.

காசு விஷயம் என்ன?

இலவச செயலிதானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இந்த வகைச் செயலிகளில் விலை நேராகத் தெரியாது. தங்கக் காசு, மணற்கடிகாரம், டிக்கெட், புள்ளி, டோக்கன், டஸ்ட் என்று அரை டஜன் நாணயம் இருக்கும். ரூபாயைக் கொடுத்து ஒன்றை வாங்கி, அதைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்போது ஒரு கார்டுக்கு எத்தனை ரூபாய் போனது என்ற கணக்கே மறந்துபோகும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டும் இந்த முறை பல நாடுகளில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. தனித்தனியாக அதிர்ஷ்டத்தில் வரும் பொருட்களை முழு செட்டாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற 'கம்ப்ளீட் கச்சா' முறையை ஜப்பானே 2012-ல் சட்டவிரோதம் என்றது. செல்போன், கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் காசு கட்டிப் பிரிக்கும் 'லூட் பாக்ஸ்' சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-ல் அறிவித்தது.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுகளுக்கான புதிய சட்டம் நிறைவேறியது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற ஆட்டங்களைத்தான் அது தடை செய்கிறது. தமிழ்நாட்டில் நீண்ட காலம் விவாதமாக இருந்த ஆன்லைன் ரம்மி அந்த வகை. கார்டு பேக் பிரிக்கும் விளையாட்டில் காசு உள்ளே போகும், வெளியே வராது. ஆகவே இங்கே உங்கள் பாதுகாப்பு பெரும்பாலும் உங்கள் கையில்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அட்டைக் கார்டு உங்கள் சொத்து. விளையாட்டே நின்றுபோனாலும் பீரோவில் இருக்கும். செயலிக்குள் இருக்கும் கார்டு, சர்வர் ஓடும்வரைதான்.

புது விதி வந்தால் என்ன பார்க்கலாம்?

* புது வசதிக்கு எதைக் கட்டணமாகக் கேட்கிறார்கள்? நேரத்தையா, காசையா, சேர்த்து வைத்ததையா?
* திரும்பப் பெற முடியாத செயலா? டோக்கனுக்காக அழித்த கார்டு திரும்பி வராது. வசதி வந்த முதல் வாரம் பொறுத்திருந்தவர்களுக்கு நஷ்டம் குறைவு.
* செலவை ரூபாயில் எழுதி வையுங்கள். 'டைமண்டு', 'கோல்டு' கணக்கு வேண்டாம்.
* வீட்டில் பிள்ளைகள் ஆடினால், செல்போனில் காசு கட்டுவதற்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள்.
* பிடிக்காவிட்டால் சொல்லுங்கள். சொன்னதால் மாறியிருக்கிறது என்பதற்கு மேலே உள்ள கதைகளே சாட்சி.

ராசிபுரத்து நண்பர்கள் உதாரணத்துக்குத் திரும்புவோம். 2025 ஜனவரியில் அவர்கள் மாற்றிக்கொள்ள முயன்றிருந்தால் ஆளுக்கு 4 கார்டு போயிருக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு முயன்றிருந்தால் ஒரு கார்டும் போயிருக்காது, சேர்த்த ஷைன்டஸ்ட்டில் முடிந்திருக்கும். நடுவில் இருந்த ஆறு மாதத்தில் அவர்களைப் போன்றவர்கள் கேட்டது பெரிய சலுகை எதுவும் இல்லை. பள்ளிக்கூட மரத்தடியில் சும்மா கிடைத்ததைத்தான் கேட்டார்கள்:

"உங்கிட்ட ரெண்டு இருக்குதில்ல? ஒண்ணு எனக்குக் குடு."